கயிற்றின் மறுமுனை

டாக்டர் ஜெசிந்தா இறந்த செய்தி வந்தபோது அவருடைய கயிறு என் மணிக்கட்டில் கட்டியிருந்தது. மறுமுனை பல் நாற்காலியில் படுத்திருந்த ஒரு சிறுமியின் கையில் இருந்தது. உதவியாளர் போனை என் காதருகே பிடித்தார். கேட்டுவிட்டு, சரி என்று மட்டும் சொன்னேன். டாக்டர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவரிடம் வரும் பிள்ளைகளை நான்தான் பார்த்து வருகிறேன்.

திரேஸ்புரத்தில் அவரிடம் பல் காட்டிய உங்களுக்கு அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய அப்பா சங்கு குளித்தவர். கடலுக்குள் இறங்குகிறவர் தம் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார். தன் தங்கை தாலி அறுவதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் என்பது கணக்கு. "உள்ள இருக்கவன் இழுத்தா மேல இருக்கவன் கேள்வி கேக்கப்பிடாது, தூக்கிரணும்" என்பார் டாக்டர். நாற்காலியில் படுத்த பிள்ளையின் கையில் ஒரு முனையைக் கொடுத்து, "இன்னைக்கு நான்தான் ஒனக்கு மச்சான். இழுத்தா நிப்பாட்டிருவேன்" என்பார். அழுகிற பிள்ளையும் அதைக் கேட்டுச் சிரித்துவிடும்.

மற்ற பல் டாக்டர்கள் நாங்களெல்லாம் நாற்காலிக்கு மேலே டிவி மாட்டிக் கார்ட்டூன் ஓடவிட்டோம். பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும், வேலை சட்டென்று முடியும். அவர் மட்டும் மாட்ட மறுத்தார். வீண் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன், காயல்பட்டினத்திலிருந்து ஆயிஷா வரும்வரை. அன்று நான் அவருடைய கிளினிக்கில் உதவிக்கு இருந்தேன்.

சின்னப் பெண். கன்னம் கண்ணுக்கடி வரை வீங்கியிருந்தது. அன்றே பல்லை எடுக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அவளோ வாயைத் திறக்கவில்லை. நான் என் போனில் கார்ட்டூன் வைத்து நீட்டினேன். அலறிக்கொண்டு உம்மாவின் துப்பட்டிக்குள் புகுந்துகொண்டாள்.

"நாள் பூரா போனத்தான் நோண்டிக்கிட்டு இருந்தா டாக்டர்," என்றார் உம்மா. "இப்ப துபாய்லேர்ந்து வாப்பா கூப்பிட்டாக்கூட கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சிக்கிடுதா."

"எப்பலேர்ந்து?" என்றார் டாக்டர். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது.

கொஞ்ச நாள் முன்பு வேறோர் இடத்தில் அவளுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். வாப்பாவை வீடியோவில் வரவழைத்து, அவள் அவரைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் குத்திவிட்டார்கள். வாப்பாவும் தெரிந்தேதான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பயந்தது ஊசிக்கு மட்டுமல்ல.

டாக்டர் எல்லாப் போன்களையும் வெளியே வைக்கச் சொன்னார். கயிற்றைக் கட்டினார். ஊசியை அவள் கண்முன்னே காட்டினார். "ஏளா ஆயிஷா, எறும்பு கடிச்ச மாதிரின்னு பொய் சொல்ல மாட்டேன். வலிக்கும். பொறவு மரத்துரும்."

சின்னக் கண்ணாடியை வாயருகே கொண்டுபோனதுமே ஆயிஷா இழுத்தாள். டாக்டர் கையை எடுத்தார். மறுபடி இழுத்தாள், மறுபடி எடுத்தார். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. டாக்டர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "சோதிச்சுப் பாக்கட்டும். நம்பணும்லா?"

ஊசி பாதி இறங்கியபோதும் இழுத்தாள். பாதியிலேயே ஊசியை வெளியே எடுத்துவிட்டார். பாதி ஊசியில் கையை எடுக்கும் துணிவு எனக்குத் தெரிந்த எந்த டாக்டருக்கும் கிடையாது. அதன் பிறகு ஆயிஷா இழுக்கவே இல்லை. தானே வாயைத் திறந்தாள்.

பல் வந்ததும், பஞ்சைக் கடித்தபடியே, "உம்மா, வாப்பாவுக்குப் போன் போடு" என்றாள். பஞ்சை எடுத்துவிட்டு வாயிலிருந்த ஓட்டையைப் போனுக்குக் காட்டினாள். துபாயில் அந்த மனிதர் அழுதார். டாக்டர் போனை வாங்கி, "இனி எதுன்னாலும் புள்ளகிட்ட முன்னாலயே சொல்லிருங்க" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கயிறும் அதன் ஒரே விதியும்தான். செய்தி வந்த அன்று மறுபடி கருவியைக் கையில் எடுத்தேன். கண்ணீர் மறைத்தது. நாற்காலியில் இருந்த சிறுமி என் முகத்தையே பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் டாக்டர். நீங்க வீட்டுக்குப் போங்க."

இழுத்த பிறகு கேள்வி கேட்கக் கூடாது. கருவியைக் கீழே வைத்தேன்.