ஐஸ்பெட்டிக்குச் சூடம் காட்டுன பயணம்

போன சனிக்கிழமை குன்றாண்டார்கோவில்லேருந்து திருக்கோகர்ணம் போயிட்டு வந்தோம். சாமி கும்பிட இல்லைங்க. என் மச்சினன் சுப்பையாவோட மக வளர்மதி அங்க ஒரு பள்ளிக்கூடத்துல கண்காட்சி வச்சிருந்துச்சு. புள்ளைக்குப் பனி கொட்டுற வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒண்ணுல வேலை வந்திருக்கு. "என்ன வேலைன்னு எனக்கு வெளங்குனாத்தான் அனுப்புவேன்"னு சுப்பையா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. வெளங்க வைக்கத் துணைக்குக் கூப்பிட்டது எட்டாங்கிளாஸ் பெயிலான என்னைய.

காலையில ஏழு இருபதுக்கு டவுன் பஸ்ஸு. "சேலை கட்டிட்டு வந்திருந்தா டிக்கெட்டே இல்லை மாப்ள"ன்னேன். சுப்பையா சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கீரனூர்ல எறங்கி இட்லி, அப்புறம் புதுக்கோட்டை பஸ்ஸு. ஆளுக்கு மொத்தம் நாப்பது ரூவா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகாதீங்க, திருக்கோகர்ணத்துலயே எறங்கிருங்க. பத்து நிமிச நடை.

வளர்மதி தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு, உள்ள கடுகத்தண்டி வில்லை ஒண்ணு வச்சிருந்துச்சு.

"நான் அங்க செய்யப்போறது இதுதான். வானத்துக்கு அனுப்புற கருவியோட மாதிரி மாமா. தூரத்து நட்சத்திரக் கூட்டத்துலேருந்து வர்ற எக்ஸ்ரே ஒண்ணு பட்டா வில்லை துளியூண்டு சூடாகும். எம்புட்டுச் சூடுன்னு துல்லியமா அளந்தா, அங்க இரும்பு இருக்கா, அந்த இரும்பு எம்புட்டு வேகத்துல ஓடுதுன்னு சொல்லிரலாம்."

"இங்கிட்டே வச்சு அளக்க வேண்டியதுதானே?"

"காத்து மறிச்சிரும் மாமா. அந்தக் கதிரு தரைக்கே வராது. அசல் வில்லையை ஐஸைவிட எரநூத்தி எழுபத்திமூணு டிகிரி கீழ வைக்கணும். அதுக்குக் கீழ குளிரே கெடையாது."

எக்ஸ்ரேக்குப் பதிலா அடிச்சுக் காட்ட, புள்ள டார்ச்சு எடுக்கத் திரும்புச்சு. "புதுச்சாமானுக்குச் சூடம் காட்டாமலா?"ன்னு பெட்டி வாய்க்கிட்ட கொளுத்திட்டாரு சுப்பையா. வில்லையோட சூட்டைக் காட்டிக் கம்ப்யூட்டர்ல ஓடுன கோடு எகிறி, ஸ்கிரீனைத் தாண்டிப் போயிருச்சு.

"அப்பா, இப்ப டார்ச்சு அடிச்சா அதுக்குத் தெரியவே தெரியாது. கோடு அடங்க அரைமணி நேரமாகும்."

"புள்ள வேலையவே ஆவியாக்கிட்டீங்களே மாப்ள"ன்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. பெட்டிக்குக் காவல் மாதிரி போயி நின்னுக்கிட்டாரு. வர்றவுகளை எல்லாம் ஒதுக்கி விட்டாரு. "எட்டி நில்லுங்க. மூச்சுக்காத்து படும். சின்னச் சூடு தெரியணும்னா பெரிய சூடு பக்கத்துல இருக்கக் கூடாதுங்க."

"வெளங்கிருச்சு போல?"

"சும்மா இருங்க மச்சான்."

கோடு அடங்குச்சு. வளர்மதி டார்ச்சை ஒருக்கா அடிச்சுச்சு. கோட்டுல எறும்பாட்டம் ஒரு மேடு. சுப்பையா அதையே பாத்துக்கிட்டு நின்னாரு.

இந்த மாதிரி கண்காட்சிக்குக் காலையிலயே போயிருங்க, மத்தியானம் ஐஸ் கரைஞ்சிரும். சூடத்தை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. திரும்புறப்ப கீரனூர்ல பஸ்ஸுக்கு இருபது நிமிசம் நிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துல சுப்பையா ஒரு கடைக்குள்ள போயி, கனமான கம்பளி ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு.

இந்த வெயில்ல யாருக்குன்னு நான் கேக்கல.