மாமியார் மண், நாற்பத்தொரு பாட்டில்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பதினேழாம் நாள் காலை, நான் காப்பியில் உப்பைப் போட்டுவிட்டேன். குற்றம் என்னுடையதல்ல. அவர் அரசு மண் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் மண்ணைச் சலித்தவர். வீட்டில் சலிக்க மண் இல்லாததால் என் சமையலறையில் கை வைத்துவிட்டார். டப்பாக்களையெல்லாம் துகள் அளவுப்படி அடுக்கியிருந்தார். மாவு வகையறா மேல்தட்டு, அரிசி நடுத்தட்டு, கொண்டைக்கடலை கீழ்த்தட்டு. சர்க்கரையும் உப்பும் ஒரே பருமன் என்பதால் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி டப்பாவில்.

"ரெண்டுமே அரை மில்லிமீட்டர்தான்," என்று விளக்கம் சொன்னார், அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே. முழுசாகக் குடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது ஆரம்பம்தான். ஃபிரிட்ஜுக்குள் மூன்று இடத்தில் வெப்பமானி வைத்தார். குக்கர் விசிலுக்கு விசில் எத்தனை நொடி என்று வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினார். நான் காய் நறுக்கினால் பின்னால் வந்து நின்று, "சராசரியா ஒரு சென்டிமீட்டர் வருது, ஆனா ஒரே சீரா இல்ல," என்பார். முப்பத்தேழு வருஷக் குடித்தனம் என்று பேர்தான். அதில் பாதி நாள் அவர் ஏதோ ஒரு வயலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பெரிய சண்டையில்லாமல் வாழ்ந்ததற்கு அந்தக் குழிகள்தான் காரணம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த நிலைமையில்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஓய்வு பெற்ற விஞ்ஞானிகள் தன்னார்வப் பணிக்கு வரலாம். சம்பளம் கிடையாது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, இரண்டு வேளை தேநீர் உண்டு. ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை. கடைசி வரியை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன். விண்ணப்பத்தை நானே நிரப்பி, அவர் செய்தித்தாளில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து நீட்டினேன். கேஸ் ரசீது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

போன முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பூதக்கண்ணாடியும் அங்க வந்திருக்கான். ஒரே ரூம். ஒரே ஃபேன்."

பூதக்கண்ணாடி என்பது அவருடைய பழைய பக்கத்து அறைக்காரர். அவரும் மண் விஞ்ஞானி, அவரும் ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தன் கண்டுபிடிப்பையெல்லாம் மோப்பம் பிடித்து, முந்திக்கொண்டு வெளியிடப் பார்க்கிற ஆள் என்பது என் வீட்டுக்காரரின் குற்றச்சாட்டு. வெளியிட்டாரா என்று கேட்டால், "விட்டாத்தானே?" என்பார். இப்போது இரண்டு பேரும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, ஃபேனைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் துண்டுக் காகிதத்தில் எழுதித் தேநீர் கொண்டுவருகிற அம்மாவிடம் கொடுத்து அனுப்பினார்களாம்.

எனக்கென்ன? வீடு என்னுடையதாகிவிட்டது. சர்க்கரை பழைய இடத்துக்கு வந்தது.

மூன்றாவது வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். கிடங்கில் அவர் காலத்து மண் மாதிரிகள் ஆயிரத்து நூறு பாட்டில் இருக்கின்றன. புது இயந்திரம் வருவதால் கிடங்கைக் காலி செய்கிறார்கள். ஒவ்வொரு மண்ணும் எந்த இடத்தில் எடுத்தது என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தால் பாட்டில்கள் பிழைக்கும். இல்லாவிட்டால் பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். அவருடைய தன்னார்வப் பணியும் அதோடு சரி. இடம் தெரியாத மண் வெறும் மண்தானே என்று இயக்குநர் அம்மா சொன்னாராம். அதில் தப்பும் இல்லை.

"எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?"

"எல்லாம் ரகசியக் குறியீடு. பூதக்கண்ணாடிக்குத் தெரியக் கூடாதுன்னு நானே கண்டுபிடிச்சது."

"குறியீட்டுக்கு விளக்கம் எங்க இருக்கு?"

"எழுதி வச்சா திருடிடுவான்னு மனசுலயே வச்சிருந்தேன்," என்றார். "மறந்துபோச்சு."

என்ன குறியீடு என்று பட்டியலை வாங்கிப் பார்த்தேன். 'பல்வலி' முப்பது பாட்டில். 'ஓட்டை சைக்கிள்' பதினெட்டு. 'மாமியார்' நாற்பத்தொன்று.

"மாமியாரா?"

"அது ஒரு மாதிரி களிமண். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் உள்ள இறங்காது. காய்ஞ்சா பாறை. எந்த ஊர்ல எடுத்தேன்னுதான் ஞாபகம் வரல," என்று ஆராய்ச்சி மும்முரத்தில் சொல்லிக்கொண்டே போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

எங்கள் அம்மா கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்போது என் கவலை வேறு. பாட்டில் போனால் இவர் வீட்டுக்கு வருவார். ஏற்கெனவே என் தையல் பெட்டியை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

பூதக்கண்ணாடியின் மனைவிக்குப் போன் போட்டேன். நிலைய ஆண்டுவிழாக்களில் ஒன்றாக உட்கார்ந்து கொட்டாவி விட்ட பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினாள்.

"அக்கா, எங்க வீட்டு அலமாரியில ஒரு பச்சை நோட்டு இருக்கு. மேல உங்க வீட்டுக்காரர் பேர்தான் எழுதியிருக்கு. இவரு அதை யாரையும் தொட விட மாட்டாரு. வேணும்னா எடுத்துத் தரேன். ஆனா ஒண்ணு, இவரும் வீட்டுக்குத் திரும்பி வந்துடக் கூடாது. போன மாசம் என் துணிமணியையெல்லாம் எடை போட்டாரு."

மறுநாள் காலை நோட்டை வாங்கிக்கொண்டு நேராக நிலையத்துக்குப் போனேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நோட்டை என் வீட்டுக்காரர் மேஜையில் விரித்து வைத்தேன். பொடிப்பொடி எழுத்தில் பத்தி பத்தியாக இருந்தது. மாமியார்: ஆற்றுக்கு வடக்கே, செங்கல் சூளைக்குப் பின்புறம். பல்வலி: பழைய ரயில் பாலத்துக்குக் கீழே. எல்லாவற்றுக்கும் தேதி, ஆழம், ஜீப் பயணப் பதிவேட்டின் பக்க எண். ஜீப் எந்த நாள் எங்கே போனது என்று பார்த்துப் பார்த்து அந்த மனிதர் குறியீட்டை உடைத்திருக்கிறார். பதிவேட்டை எப்போதோ எரித்துவிட்டார்கள். நோட்டு மட்டும் மிச்சம்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"திருடியிருக்கே."

பூதக்கண்ணாடி திரும்பவில்லை. "திருடியிருந்தா வெளியிட்டிருப்பேன். படிச்சேன்."

"யாரு உன்னைப் படிக்கச் சொன்னா?"

"நீ இருபத்தேழு அறிக்கை எழுதியிருக்கே. இந்தக் கட்டடத்துல வேற யாராவது உன் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாங்களான்னு போய்க் கேட்டுட்டு வா. எங்க எடுத்த மண்ணுன்னு தெரியாம எப்படிப் படிக்கிறது? அதான் கண்டுபிடிச்சேன்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் நோட்டை இரண்டு பக்கம் புரட்டினார். முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"பதினொண்ணாவது எப்படி இருந்துச்சு?"

"நல்லாயிருந்துச்சு. உப்புக் கணக்கு மட்டும் தப்பு."

"எது தப்பு?"

"ஆறாவது அட்டவணை."

"காட்டு பாக்கலாம்."

என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போனார். நான் கிளம்பியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. இரண்டே நாளில் ஆயிரத்து நூறு பாட்டிலுக்கும் இடம் எழுதி முடித்தார்கள். இயக்குநர் அம்மா மகிழ்ந்துபோய், எல்லாவற்றையும் மறுபடி சோதித்துப் பார்க்க இரண்டு வருஷத் திட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தார். ஆறாவது அட்டவணைச் சண்டை அதற்குள் தீராது என்று பூதக்கண்ணாடி வீட்டம்மா எனக்குப் போனில் உறுதி சொன்னாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் அன்று நிலையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஒன்று நெஞ்சில் முள்ளாகக் குத்த ஆரம்பித்திருந்தது. முப்பத்தேழு வருஷம் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன், சட்டையில் ஒட்டிய சேற்றைத் துவைத்திருக்கிறேன். அவர் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், "அந்தப் பதினொண்ணாவது அறிக்கையைக் குடுங்க," என்றேன்.

"உனக்கு எதுக்கு?"

"படிக்கத்தான்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய், தூசி தட்டி எடுத்து வந்து கொடுத்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பக்கம் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் பக்கத்தில் எனக்குக் கண் சொருகிவிட்டது. விழித்துப் பார்த்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் அதே நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதுவரைக்கும் எப்படி இருக்கு?" என்றார்.