பக்கத்து டேபிள் கொடி

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாவது வரை படித்து, வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். நேரில் பார்த்தால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. அப்படிப்பட்டவள் வாராவாரம் இந்த இடத்தில் எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனம். இந்த வாரம் பார்பெக்யூ ஹோட்டலைப் பற்றி வேறு எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருமுனையில்தான் திறந்திருக்கிறார்கள். கறுப்பு பெயின்ட், கண்ணாடிக் கதவு, வாசலில் செல்ஃபி எடுக்க ஓர் ஊஞ்சல். திறந்த நாளிலிருந்து கறி சுடும் வாசனை மட்டும் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே போகும் எண்ணம் எனக்கு இல்லை. விலையைக் கேட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

போக வைத்தவன் என் மகன். புனேவில் வேலை. அவன் அப்பா இறந்ததிலிருந்து என்னிடம் ஒரே பாட்டு. "கடைய மூடிட்டு இங்க வந்துடும்மா. அங்க உனக்கு யார் இருக்கா?"

நானும் விடாமல் சொல்லி வந்தேன். "எனக்கென்னடா... ஊரே இருக்கு!"

போன செவ்வாய்க்கிழமை என் பிறந்தநாள். காலையிலேயே போன். "அம்மா, அந்த ஹோட்டல்ல ரெண்டு பேருக்குப் பணம் கட்டிட்டேன். மத்தியானம் உன் ஃபிரண்டு யாரையாவது கூட்டிட்டுப் போ. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சரியா?"

சாதாரணமாகச் சொன்னானா, சோதித்துப் பார்த்தானா? தெரியவில்லை. ஆனால் அந்தப் போட்டோவில் நான் மட்டும் இருந்தால் என் 'ஊரே இருக்கு' அன்றோடு முடிந்தது. அடுத்தது புனே டிக்கெட்தான்.

எதிர் வீட்டு வசந்தாவைக் கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "செவ்வாக்கிழமைல கறியா? ஏங்க்கா, பொறக்கறதுக்கு வேற கிழமையே கிடைக்கலியா உங்களுக்கு?"

கிரிவலம் சுற்றும் இந்த ஊரில் இது ஒரு கஷ்டம். செவ்வாய், வெள்ளி, பிரதோஷம், கிருத்திகை, பௌர்ணமி... எல்லாம் கழித்தால், கறி சாப்பிட மிஞ்சுவதே கொஞ்ச நாள்தான்.

என் கடைக்குப் பக்கத்தில் ஸ்டாம்ப் பேப்பர் விற்கும் செல்வியைக் கேட்டேன். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாளாம். அதற்கப்புறம் போனில் நம்பர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். டோனர்காரர், பேப்பர் பண்டல்காரர், கேஸ் ஏஜென்சி, கரண்ட் ஆபீஸ், மெஷின் ரிப்பேர்... எத்தனை நம்பர்! சாப்பிடக் கூப்பிட ஒன்றுகூட இல்லை.

கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகத்தான் போனேன்.

"மேடம், ரெண்டு பேர்தானே?" என்றார் மேனேஜர்.

"இன்னொருத்தர் வராங்க," என்றேன். வாய் அதுபாட்டுக்குப் பொய் சொன்னது.

டேபிள் நடுவில் ஒரு குழி. அதில் கனல் அடுப்பைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்கு ஒரு தட்டு, எதிரே ஒரு காலித் தட்டு. ஓரத்தில் சின்னதாக ஒரு கொடி. "இது நிக்கிற வரைக்கும் கறி வந்துட்டே இருக்கும் மேடம். போதும்னா சாச்சுடுங்க," என்றார்.

பக்கத்து டேபிளிலும் ஓர் அம்மா தனியாக. என் வயதுதான் இருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை, மடியில் மஞ்சள் துணிப்பை. அவரே பேசினார்.

"ஆள் வரணுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு?"

"எனக்குந்தான். பஸ்ஸு லேட்டாம்."

கம்பியில் குத்திய கோழி வந்தது. இறால் வந்தது. அன்னாசிப்பழத்தைக்கூடச் சுட்டுக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. கொடியைச் சாய்க்கலாம் என்று கை போனது. பக்கத்தில் பார்த்தேன். அந்த அம்மா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பந்தியில் உட்கார்ந்து பழகிய கை இது. பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாம் இலையை மூடி எழுந்தால் மரியாதையா? டேபிள் வேறு, பில் வேறு... ஆனாலும் வரிசை ஒன்றுதானே? கையை இழுத்துக்கொண்டேன்.

மறுபடி கோழி. மறுபடி இறால். நான் மெதுவாகப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து ஊற்றியது. ஆனால் கொடியைத் தொடவில்லை. என்ன வயிறு இது என்று நினைத்தேன்.

நாலாவது முறை கம்பி வந்தபோது அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏங்க, நீங்க எப்பதாங்க எந்திரிப்பீங்க? எனக்குத் தொண்ட வரைக்கும் வந்துடுச்சு. நீங்க துன்னுட்டு இருக்கறப்ப நான் எப்படிங்க எந்திரிக்கறது?"

"ஐயோ, நான் உங்களுக்காகத்தாங்க உக்காந்துட்டு இருக்கேன்!"

சிரித்தோம். மேனேஜர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். இரண்டு கொடிகளையும் ஒன்றாகச் சாய்த்தோம். நான் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது...

"உங்க ஆள் வரலியே?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வர்றதுக்கு ஆள் இல்லீங்க."

அவர் மடியிலிருந்த பையை நீவிவிட்டார். "எனக்கும் பஸ்ஸு இல்லீங்க. ஆளே இல்ல, அப்புறம் இன்னா பஸ்ஸு?"

கீழ்பென்னாத்தூர்க்காரராம். பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினார். "மூணு வருஷமா இங்க கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து இன்னிக்குத்தான் பட்டா கைக்கு வந்துச்சு. யார்கிட்டனா சொல்லணும் போல இருந்துச்சு. வூட்ல யாரு கீறாங்க சொல்ல? அதான், பட்டாவும் நானுமா கறி துன்னலாம்னு வந்தேன். ஒரு ஜெராக்ஸ் எடுக்கலாம்னா, எதிர்க்க இருக்கற கடையும் பூட்டிக் கெடக்குது."

"அது என் கடைதாங்க!"

"பாருங்களேன்! கடைக்காரம்மா இங்க உக்காந்து எறா துன்னுட்டு இருக்கீங்க!"

அப்போதுதான் என் எதிரே இருந்த காலித் தட்டு கண்ணில் பட்டது. பணம் கட்டிய தட்டு. முதல் கம்பி வருமுன்பே 'இங்க வந்து உக்காருங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. இப்படி எத்தனை பேரை விட்டிருப்பேன்?

தயங்கித் தயங்கிப் போட்டோ விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன," என்று எழுந்து வந்து அந்தக் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டார். மேனேஜர் எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்குக் கடை தொறந்திருப்பேன். வாங்க, எடுத்துத் தர்றேன்," என்றேன்.

"பாக்கலாங்க," என்று பையை அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

போட்டோவை மகனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "சூப்பர்மா! யார் இவங்க? பேர் என்ன?"

பேர்!

கேட்கவே இல்லை. அவரும் என் பேரைக் கேட்கவில்லை. வாய்க்கு வந்த ஒரு பேராக 'சரோஜா' என்று டைப் செய்தேன். அழித்தேன். "பக்கத்து டேபிள்காரங்க. பேர் கேக்கல" என்று உள்ளதையே அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து, "சரிம்மா" என்று மட்டும் வந்தது.

சேர்ந்து சாப்பிடுவதற்குப் பேர் தேவையில்லைதான். மறுபடி கூப்பிட வேண்டுமென்றால் தேவைப்படுகிறது.

மறுநாள் புதன்கிழமை. ஒன்பது மணிக்குப் பதில் எட்டு மணிக்கே கடையைத் திறந்தேன். நாலு ஆதார் கார்டு, இரண்டு ரேஷன் கார்டு, ஒரு மார்க் ஷீட் வந்தது. பட்டா எதுவும் வரவில்லை.