வலப்பக்கம் போன பந்து

பெங்களூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் பார்த்தேன். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று மட்டும் ஊழியர்கள் ஆடிக்கொள்ளலாம். அப்படித் தொற்றிய பழக்கம். ஓய்வு பெற்று சொந்த ஊரான நைனார்பாளையம் வந்தபோது, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஐந்து மட்டைகளும் ஒரு பை பந்துகளும் என்னோடு வந்தன.

மக்காச்சோளம் அறுத்த பிறகு எங்கள் அரை ஏக்கர் சும்மா கிடக்கும். மாலையில் அங்கே நின்று அடிப்பேன். இரண்டாம் வருடம் பந்து நேராகப் போகாமல் வலப்பக்கம் வளைந்து பக்கத்து மரவள்ளிக் கொல்லையில் விழ ஆரம்பித்தது.

"கெழங்கு புடுங்கறப்ப மூணு பந்து கெடச்சுதுங்க," என்று கொல்லைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். கோபமில்லை. ஆனாலும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகுதான் போனில் கோல்ஃப் சொல்லித்தரும் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். பிடியை இறுக்காதே என்றார் ஒருவர். இறுக்கமாகப் பிடி என்றார் இன்னொருவர். தோள் முழுக்கத் திரும்ப வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். என் தோள் பாதியிலேயே நின்றது. ஆறு மாதம் அதனோடு மல்லுக்கட்டினேன். இருபது பந்து அடித்தாலே கை கால் ஓய்ந்துபோகும். வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றவே நேரம் பிடிக்கும். வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வீடியோவில், நீங்கள் ஆடுவதைப் படம் எடுத்துப் பாருங்கள், தப்பு தானாகத் தெரியும் என்றார்கள். என் மனைவியைக் கூப்பிட்டேன். மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நான் அடித்தேன். பந்தை எடுக்க நடந்தேன். நிறுத்தத் தெரியாமல் நடப்பதையும் எடுத்துவிட்டாள்.

வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம். நான் மட்டையையே பார்த்தேன். அவள் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"இன்னாங்க, நடந்துகினு போறப்ப இடது கை ஆடுது. வலது கை ஏன் ஆடல?"

"மட்டை புடிச்சு மரத்துப்போயிருக்கும்."

"மட்டைய கீழ போட்டுட்டுதானே போனீங்க?"

அவள் விடவில்லை. கள்ளக்குறிச்சி டாக்டரிடம் அந்த வீடியோவைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, சேலத்தில் ஒரு நரம்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சேலத்து மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை கொஞ்ச நேரத்தில் சோர்ந்து நின்றது. பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்றார். உடனே படுக்கையில் தள்ளாது, மாத்திரை இருக்கிறது என்றும் சொன்னார்.

"பந்து அடிச்சதுனால வந்துச்சாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லைம்மா. கொஞ்ச நாளாவே இருந்திருக்கும். நீங்க கவனிச்சது நல்லதாப் போச்சு."

அழுகை வரவில்லை. எத்தனை சாயங்காலம் இந்தத் தோளைத் திட்டியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. கேட்காத பிள்ளையை அடிப்பதுபோல் அடித்திருக்கிறேன். பாவம், அதற்குக் கேட்க முடியவில்லை.

இப்போது வேளைக்கு ஒரு மாத்திரை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் உடம்பு சற்று இளகும். அப்போது போய்ப் பத்துப் பந்து அடிக்கிறேன். பந்து இன்னும் வலப்பக்கம்தான் போகிறது. அதைத் திருத்த யாரிடமும் வழி கேட்பதில்லை.

நோயின் பெயரைக் கேட்ட அன்று, சேலத்திலிருந்து திரும்பும் பேருந்தில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

"சின்னசேலம் வந்துடுச்சுங்க. வண்டி மாறணும், மெதுவா எறங்கலாம்," என்று எழுப்பினாள். நடத்துநரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, முன்னால் இறங்கிக் கை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.