குறிலா நெடிலா

“படிச்ச புள்ள பேச்சக் கேட்டுப் பாழுங் கட்டடத்த வாங்கிப் போட்டிருக்கறயே தம்பி. இதுல ஆளு குடியிருக்க முடியுமா? ஆந்தை வேணா இருக்கும்” என்றார் பெரியப்பா. வீட்டைப் பார்க்கவென்று சொந்த ஊர்ப் பக்கம், ஹனூரிலிருந்து பஸ் பிடித்து மைசூர் வந்தவர், துருப்பிடித்த கேட்டுக்கு வெளியே நின்றே அதைச் சொன்னார். உள்ளே காலை வைக்கவில்லை.

அப்பா கேட்டின் கொண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “இருந்துட்டுப் போகட்டுங்கண்ணா. ஆந்தைகிட்டயும் வாடகை வாங்கிக்கறேன்.”

பெரியப்பா சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

அந்தப் படிச்ச புள்ள நான். அப்பா பக்கமும் சரி, அம்மா பக்கமும் சரி, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதற்கு மேலும் படித்துப் பட்டம் வாங்கி, மைசூரிலேயே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தேன். வீட்டுப் பத்திரம் கன்னடத்தில் இருந்தது. பதிவு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படித்து, தமிழில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இப்போது குறைத்துச் சொல்ல மனமில்லை.

வீடு மைசூரின் விஜயநகர் பகுதியை ஒட்டி, ஒரு காலத்தில் தனி ஊராக இருந்து பிறகு நகரத்துக்குள் வந்துவிட்ட தெருவில் இருந்தது. அங்கிருந்த முதியவர்கள் இருவரும் போனபின், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பூட்டிவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. முன்பாதிக்கு ஓடு, பின்பாதிக்குத் தகர ஷீட். சமையலறை அலமாரியைக் கறையான் தின்று தோலை மட்டும் விட்டு வைத்திருந்தது. தொட்டதும் உள்ளே போனது விரல். பின்சுவரில் அரசமரம் முளைத்து வேர் விட்டிருந்தது. தண்ணீர் சேமிக்கும் சம்ப்பைத் திறந்தால் தவளைகள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்து, “நீங்க வந்துட்டீங்க, இனி எங்க வீட்டுக் குப்பைய நான் எங்கே கொட்டறது?” என்று கேட்டார். அதுவரை எங்கள் வீட்டு முற்றத்தில்தான் கொட்டியிருந்தார். சொல்லிவிட்டு அவரே சிரித்து, எங்களுக்குக் காபி கொடுத்தனுப்பினார்.

அப்பா கம்பி கட்டுபவர். நான் பிறப்பதற்கு முன்பே அம்மாவோடு ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, கட்டட வேலையில் சேர்ந்தவர். விஜயநகரில் அவரோடு நடந்து போவது சிரமம்; நாலு வீட்டுக்கு ஒரு தடவை நின்றுவிடுவார். “இந்தப் பால்கனி நான் கம்பி கட்டுனது. அந்த மாடிப்படியும் நான் கட்டுனது.”

“எங்கேப்பா, ஒண்ணுமே தெரியலையே?”

“தெரியக் கூடாது கண்ணு. கம்பி வெளிய தெரிஞ்சா வீடு உளுகப் போவுதுன்னு அர்த்தம்.”

எங்கள் வீட்டில் அவருடைய ஆசையும் அதுதான். முன்பாதி ஓடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் கூரை போட வேண்டும். இங்கே அதை மோல்டு என்பார்கள். அதற்கு வேறு யாரும் கம்பி தொடக்கூடாது. செங்கல் துண்டால் சுவரில் கோடு கிழித்து வைத்தார்: இங்கே ஜன்னல், இங்கே சாமி மாடம், இந்தக் கதவு அந்தப் பக்கம். அம்மா கார்மெண்ட்ஸில் தைப்பவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மூவரும் துடைப்பமும் மண்வெட்டியுமாகக் கிளம்பிவிடுவோம். முன் அறை ஓடுகளை அப்பாவே ஒவ்வொன்றாக இறக்கி, உடையாததை எல்லாம் சுவரோரம் அடுக்கினார். திறந்த கூரைக்குத் தார்ப்பாய் கட்டினார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பின்சுவரில் ஏறி அரச வேரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து மணல் குவியலில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தார். டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. அப்பா குனிந்து அதை எடுக்கப் பார்த்தார். கை போகவில்லை. மறுபடி பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்துவிட்டார். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. நினைவு இருந்தது, எங்களை அடையாளம் தெரிந்தது, அழுகை வந்தது, வார்த்தைதான் வரவில்லை. சில நாள் கழித்து, அம்மா தலையணையைச் சரி செய்தபோது, முதல் தடவையாக ஒரு சொல் வந்தது.

“வி…டு.”

அம்மா கையை எடுத்துவிட்டார். அப்பா திரும்பவும் சொன்னார். அன்று முழுவதும் அதையே சொன்னார். கன்னடத்து நர்ஸுக்கு அது ‘பிடு’ என்று கேட்டது. அங்கேயும் விடு என்றுதான் பொருள். மாத்திரை கொடுக்க அவர் கையைப் பிடித்திருந்தவள், “பிடல்ல அப்பாஜி, பிடல்ல” என்று சிரித்தாள். விடமாட்டேன் என்கிறாள்.

எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நான் படித்தது கன்னடப் பள்ளியில். லீவுக்கு ஹனூர்ப் பக்கம் போகும்போது, மாதேஸ்வரன் மலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் மேட்டூர் பஸ்ஸின் பலகையைப் பார்த்துத்தான் தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றேன். குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே இருப்பது ஒரு சின்னச் சுழி. ‘வி’யின் தலையில் அது ஏறினால் ‘வீ’. கட்டிலருகே உட்கார்ந்து, அப்பாவின் கோணிய வாயில் அந்தச் சுழி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இருந்தது. எனக்கு இருந்தது.

பெரியப்பா வந்தார். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்; கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா அவரைப் பார்த்து அதையே சொன்னதும், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டயா? விடுங்கறான். அந்தக் கட்டடம் அவனப் போட்டு அடிச்சிருச்சு. வித்துத் தொலைச்சுட்டு என்ற தம்பிய ஊருக்கு அனுப்பு. நாங்க பார்த்துக்கறோம்.”

“இல்லீங்க பெரியப்பா. வீடுங்கறார். வேலைய முடிங்கன்னு சொல்றார்.”

“உனக்கு மட்டும் அப்படிக் கேக்குதா?”

“உங்களுக்கு மட்டும் அப்படிக் கேக்குதுங்களா?”

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வி…டு” என்றார். அம்மா அவர் கன்னத்து எச்சிலைத் துடைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் குடியிருந்த வாடகை அறைக்கு வந்தபின், பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு வீட்டின் படத்தைக் காட்டினாள். “வி…டு” என்றார் அப்பா. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அவள் அடுத்து வாழைப்பழத்தைக் காட்டினாள். அதே சொல். பசுமாட்டுக்கும் அதே. சிலருக்கு ஒரே ஒரு சத்தம்தான் மிஞ்சும், எதற்கும் அதுதான் வரும், அதில் அர்த்தம் தேட வேண்டாம் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னாள். தலையாட்டினேன். அறைக்குத் திரும்பி அம்மாவிடம், “வீட்டுப் படத்தப் பார்த்து வீடுன்னார்ம்மா” என்றேன். வாழைப்பழத்தைச் சொல்லவில்லை.

மழைக்காலம் வந்தது. வேலை நின்றுபோன வீட்டில் தார்ப்பாய் கிழிந்து, முன் அறைக்குள் தண்ணீர் நின்றது. அப்பா செங்கல்லால் கிழித்த கோடுகள் கரைந்து சுவரோடு வழிந்திருந்தன. நான் வேலை முடிந்து தனியாகப் போய் தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு வருவேன். அதற்குள் பெரியப்பா வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டார். நான் முடியாது என்றேன். அவர் கடைசியாக ஒன்று சொன்னார்:

“நீ சொல்றதும் வேண்டாம், நான் சொல்றதும் வேண்டாம். அவன அங்கயே கூட்டிட்டுப் போவோம். வீட்டப் பார்த்து அவன் என்ன சொல்றானோ, அதுதான்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

ஆட்டோவில் அப்பாவையும் சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனோம். கேட்டுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினேன். நான் ஒரு பக்கம் குனிந்தேன், பெரியப்பா மறு பக்கம் குனிந்தார். பக்கத்து வீட்டு அம்மா மதிலருகே வந்து நின்றார். அப்பா வீட்டைப் பார்த்தார். மழையில் கறுத்த சுவரையும், கிழிந்து தொங்கும் தார்ப்பாயையும் பார்த்தார். வாய் திறந்து அதே சொல்லைச் சொன்னார்.

“பார்த்தயா?” என்றார் பெரியப்பா.

“நீட்டித்தானுங்க சொன்னார்!”

“எங்க நீட்டினான்? தம்பி, இன்னொருக்கா சொல்லு சாமி.”

“அப்பா, மெதுவா. வீ… வீடு.”

அப்பா சொன்னார். மறுபடியும் சொன்னார். கண்ணில் நீர் வழிந்தது. நாங்கள் விடவில்லை.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்!” என்று கத்தினார் அம்மா. தன் மச்சாண்டாரான பெரியப்பா முன்னால் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. “தண்ணி வேணும்னாலும் அதான் சொல்றாரு. ஒண்ணுக்கு வந்தாலும் அதான். ராத்திரி வலிச்சாலும் அதான். என்னக் கூப்புடறதும் அதான். என்ற பேரே இப்ப அதுதான். அது வீடும் இல்ல, விடும் இல்ல. அவருக்கு ஒண்ணும் சொல்ல முடியல. முடியவே முடியல. அவரத் தெருவுல வெச்சுக் கேக்கறீங்களே, நல்லாருக்குதா?”

மதிலருகே நின்றவர் உள்ளே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அப்பாவிடம் இனி எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த வீட்டைப் பற்றி மட்டுமல்ல. சின்ன வயதில் தன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததில் அவருக்கு வருத்தம் உண்டா, ஹனூரை விட்டு வந்தது பிடித்துத்தானா, எதையுமே. கேட்டிருக்க வேண்டியவை எல்லாம் அந்த மணல் குவியலோடு முடிந்துவிட்டன.

பெரியப்பாதான் முதலில் அசைந்தார். “வந்தது வந்தோம். உள்ள காட்டிட்டுப் போலாம்” என்று கேட்டைத் தள்ளித் திறந்தார். முற்றத்தைத் தாண்டி நிலைக்கதவுக்கு வந்தபோது சக்கரம் வாசற்படியில் இடித்து நின்றது. பழைய மரப்படி, நல்ல உயரம். நானும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அப்பாவின் இடது கை நிலையைப் பற்றிக்கொண்டது. விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. உள்ளே இறக்கியதும் அவர் அண்ணாந்து, ஓடில்லாத இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. “சரி அம்மிணி. விக்க வேண்டாம். ஆனா தெனமும் இப்பிடித் தூக்குவயா? நீ ஆபீசுக்குப் போயிட்டா உங்கம்மா ஒருத்தியா தூக்குவாளா?”

நான் குனிந்து வாசற்படியின் உயரத்தைச் சாணால் அளந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா என்ன சொல்கிறார் என்று கவனிப்பதை நிறுத்தினேன். அவர் எப்படித் திரும்புகிறார், எதைப் பிடிக்கிறார், நாற்காலி எங்கே முட்டுகிறது என்று பார்த்தேன். மோல்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அடுக்கி வைத்திருந்த பழைய ஓடுகளையே ஆட்களை வைத்து மறுபடி வேய்ந்தாயிற்று. அந்த வேலை நடந்த இரண்டு நாளும் அம்மா வரவில்லை. ஊரில் எத்தனையோ கூரைகளுக்குள் அப்பாவின் கை இருக்கிறது. அவர் தலைக்கு மேல் இருக்கப்போகும் கூரையில் இல்லை. குளியலறையைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து, அவர் படுக்கப்போகும் முன் அறையை ஒட்டிக் கொண்டுவந்தோம். அகலக் கதவு, இடது கைக்கு எட்டும் உயரத்தில் பிடிகம்பி.

வாசற்படியை எடுக்கத்தான் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“மஞ்சள் வெச்சுக் கும்புடற படியடி. அத யாராச்சும் அறுப்பாங்களா? ஆசாரியே ஒத்துக்க மாட்டான்.”

ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லைதான். இரண்டாவதாகப் பார்த்தவரும் மாட்டேன் என்றார். மூன்றாமவர் கற்பூரம் ஏற்றிவிட்டுச் செய்கிறேன் என்றார். நேற்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நிலையின் இரு பக்கமும் சமமாக அறுத்துப் படியை எடுத்தார். அந்த இடத்தில், முற்றத்திலிருந்து அறைக்குச் சக்கரம் ஏறும்படி சிமெண்டில் சரிவு போட்டாயிற்று. சிமெண்ட் இறுகும்வரை ஈரம் காயாமலிருக்க மேலே சாக்கு விரித்திருக்கிறேன். இன்று காலை ஆபீசுக்குப் போகும் வழியில் இறங்கி, அதை நனைத்துவிட்டு வந்தேன்.