மூன்று மணிக்கு வராத கார்கள்

கவலைப்படுவதில் எங்கள் சபையில் அகனேத்தா ரெம்பலை மிஞ்ச ஆள் கிடையாது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. திறமை எந்த ரூபத்தில் வந்தாலும் மதிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஜூலையிலேயே பட்டியல் போடுவாள். தன் அடக்க ஆராதனையில் என்ன பாட்டு, அன்று பனிப்புயல் அடித்தால் என்ன பாட்டு என்பதுவரை எழுதி வைத்திருந்தாள். கணவர் ஐசக் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதிக்குப் பதில் வந்துவிடும். அதனால் அவர் பேச்சையே விட்டிருந்தார்.

கனடாவில், மானிடோபா மாகாணத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் மெனோனைட் ஊரில் ஞாயிறு மதியம் மூன்று மணி என்றால் ஃபாஸ்பா. காபி, பன், பாலாடைக்கட்டி, ஜாம், அவ்வளவுதான். ஆனால் யாரும் யாரையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் அது பெருமையடிப்பது, எங்களுக்குப் பெருமை பாவம். மதியத் தூக்கம் கலைந்ததும் காரைக் கிளப்பி, மனசு எந்த வீட்டைச் சொல்கிறதோ அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்போம். வீட்டுக்காரி தயாராக இருக்க வேண்டும். தயாராக இருந்தது தெரியக் கூடாது.

அகனேத்தாவுக்கு முதல் பாதி வந்தது, இரண்டாம் பாதி வரவில்லை. சனிக்கிழமைதோறும் அறுபது பன் சுடுவாள். பெரிய உருண்டையின் தலையில் சின்ன உருண்டை உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் பன். மேசையில் பதினான்கு கோப்பைகள். யார் எந்த நாற்காலி என்பதும் முடிவாகியிருக்கும். நான் ஒருமுறை போனேன். காலணியைக் கழற்றி எந்த வரிசையில் வைப்பது என்று சொன்னாள். மூன்றேமுக்காலுக்கு எதைப் பற்றிப் பேசுவது என்பதும் தீர்மானமாகியிருந்தது என்று எனக்குச் சந்தேகம். அதன்பிறகு என் மனசு அந்த வீட்டைச் சொல்லவேயில்லை. ஊர் மனசும் அப்படியே.

வயலுக்கு அந்தப் பக்கம் சூசே டிக் வீடு. அங்கே உப்பு இருந்தால் சர்க்கரை இருக்காது. கேட்டால், "கர்த்தர் பாத்துப்பார்" என்பாள். ஞாயிறுதோறும் அவள் முற்றத்தில் ஆறு கார்கள். அகனேத்தா தன் சமையலறை ஜன்னலில் நின்று எண்ணுவாள்.

"பென்னரோட நீலக் காரும் வந்தாச்சு. அந்த மனுஷனுக்கு வேற வீடே தெரியாதா?"

"ம்" என்பார் ஐசக்.

"அவ நாற்காலிக்கு மூணு காலுதான் இருக்கு. அதுல உக்காந்துக்கிட்டு என்னத்தச் சிரிக்கிறாங்களோ!"

மூன்றேகாலுக்குப் பின்கதவில் காலிக் கூடையோடு சூசே வந்து நிற்பாள். "கோவிச்சுக்காதடி அகனேத்தா. ஆளுங்க வந்துட்டாங்க, வீட்ல ஒரு துண்டு ரொட்டி இல்ல. உங்கிட்ட ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"மிச்சமா? எல்லாமே மிச்சந்தான்."

உணவு கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நாற்பது பன் போகும். அங்கே நாங்கள் அதைத் தின்றபடி, ஒன்றுமில்லாத வீட்டில் இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று சூசேயின் விசுவாசத்தை வியப்போம்.

ஜனவரியில் பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனிலிருந்து பெரியவர் கொர்னேலியஸ் வீப் பிரசங்கிக்க வந்தார். அகனேத்தா தொண்ணூறு பன் சுட்டாள். இன்று பெரியவர் தன் மேசையில் உட்கார வேண்டும். கோப்பைகள் காலியாகவே இருந்த பன்னிரண்டு வருடத்தில் அவள் கர்த்தரிடம் கேட்டது அது ஒன்றுதான். பிரசங்கமோ நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது எப்படி என்பது. வேதத்தில் சொல்கிறபடி விதைக்காத பறவை வந்தது, நூல் நூற்காத காட்டுப்பூ வந்தது. முடிந்ததும் படிக்கட்டில் சூசே, "நான் எதையும் யோசிக்கிறதே இல்லீங்க ஐயா" என்றாள். பெரியவர் முகம் மலர்ந்தது. அதை அகனேத்தா பார்த்துவிட்டாள்.

வீடு திரும்பியதும், "காரைக் களஞ்சியத்துக்குள்ள விடுங்க. இன்னைக்கு அவளுக்கு ஒரு பன் கிடையாது. நாம வீட்ல இல்ல" என்றாள்.

"எங்க போயிருக்கோம்?" என்று ஐசக் கேட்டார். அந்த வருடத்தில் அவருடைய நீளமான வாக்கியம் அது.

"இல்லன்னா இல்ல. குனிங்க."

கதவைப் பூட்டவில்லை. எங்கள் ஊரில் பூட்டு உண்டு, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. இருவரும் மேசைக்குப் பின்னால் முழங்காலிட்டுப் பதுங்கினார்கள்.

மூன்றேகாலுக்குப் பன் கேட்கப் போன சூசே காலிக் கூடையோடு தன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பெரியவர் உட்பட அங்கே காத்திருந்த எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"அவ இல்ல போல. பன் அங்கதான் இருக்கும். வாங்க, போவோம்."

"யாரோட பன்னு?" என்றார் பென்னர்.

"அகனேத்தாவோடதுதான். இத்தன நாளா வேற யாருதுன்னு நினைச்சீங்க?"

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. ஏழு கார்களில் போய்க் கதவைத் தள்ளினோம். பதினான்கு கோப்பைகள், தொண்ணூறு பன்கள். மேசைக்குப் பின்னால் முழங்காலில் இருவர், கண்களை இறுக மூடியபடி.

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "காரை மறைச்சுட்டு, கதவைச் சாத்திட்டு, யாருக்கும் தெரியாம ஜெபம்!"

அகனேத்தா தன் வாழ்நாளிலேயே திட்டமிடாத ஒரு காரியத்தைச் செய்தாள். "ஆமென்" என்றாள். சற்றுத் தாமதமாக ஐசக்கும் சொன்னார்.

அன்று நாற்காலி வரிசை குலைந்தது, காலணிகள் குவிந்தன, அவள் கண்டுகொள்ளவில்லை. இரண்டு முறை ஜன்னலுக்குப் போய்த் தன் முற்றத்துக் கார்களை எண்ணிவிட்டு வந்தாள். மாலை ஆராதனையில் பெரியவர் ரெம்பல் தம்பதியின் ஜெபத்தைச் சாட்சியாகச் சொன்னபோது சூசே என் மனைவியின் காதில் முணுமுணுத்தாள்: "நானும் முழங்கால்ல நிக்கிறேன். அப்ப மட்டும் ஒருத்தரும் வர்றதில்ல."

அடுத்த ஞாயிறும் தொண்ணூறு பன். மூன்று மணிக்குக் கார்கள் வந்தன. அகனேத்தா வீட்டு வாசலில் வேகம் குறைத்தோம். பென்னர் தொப்பியைக்கூடத் தூக்கினார். பிறகு சத்தமில்லாமல் சூசே வீட்டுக்குப் போனோம். ஜெபவேளையில் போய்த் தொந்தரவு செய்வது முறையா?

மூன்றேகாலுக்குப் பின்கதவு விரல்நுனியால் தட்டப்பட்டது. "ஜெபம் முடிஞ்சுதாடி?" என்று கிசுகிசுத்தாள் சூசே. "அம்பது போதும்."

அகனேத்தா வாயைத் திறந்தாள். அவர்களை இங்கே வரச் சொல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது அழைப்பு, அழைப்பு பெருமை. வாயை மூடிக்கொண்டு கூடையை நிரப்பினாள்.

சூசே போனதும், ஐசக் ஜன்னலைப் பார்த்தபடி, "நாமளும் அங்க போலாமா?" என்று கேட்டார்.

"போறதா இருந்தா புதன்கிழமையே சொல்லியிருக்கணும்" என்றாள் அகனேத்தா.