கன்னியம்மாள் பார்த்த கிரேன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அடி உயரத்தில் உட்கார்ந்திருந்தேன் — கும்மிடிப்பூண்டியில், தரையில் போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

குழப்பமாக இருக்கிறதா? சொல்கிறேன்.

அங்குள்ள இரும்பாலை ஒன்றில், கிரேன் ஓட்டப் பழகுவோருக்காக மெய்நிகர் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். ஹெல்மெட்டைப் போலத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கண்களுக்கு எதிரே இரண்டு சிறு திரைகள். பின்னாலிருந்து ஒரு கனத்த கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. குனிந்தால்... கால்களுக்குக் கீழே ஆலையின் தரை, எங்கோ ஆழத்தில்! கால்களைச் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டேன். வெறும் கம்பியும் கணக்கும் சேர்ந்து ஒரு மனிதனை இப்படி ஏமாற்றிவிடுமா?

பயிற்சி பெறுவோரின் குடும்பத்தாரை அன்று அழைத்திருந்தார்கள்; அதைப் பற்றி எழுத நானும் போயிருந்தேன். கருவிக்குப் பொறுப்பாளர் இம்தியாஸ் என்ற இளைஞர். பழவேற்காட்டு வணிகக் குடும்பத்துப் பிள்ளை. காலையில் தம் கண்ணுக்குச் சரிபார்த்து வைத்த ஹெட்செட்டை, வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராக மாட்டிவிட்டார். என் கண்களுக்கு அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. மற்றவர்களுக்கு?

“எப்படி இருக்கு?”

“சூப்பரா கீது சார்!”

எல்லோரும் அதையே சொன்னார்கள் — கன்னியம்மாள் வரும்வரை.

ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம் அவருடையது. மகள் ரேவதி பயிற்சியில் தேறிவிட்டாள். கிரேன் கூண்டில் வேலை காத்திருக்கிறது. மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவோ, “அவ்ளோ ஒசரத்துல பொம்பளப் புள்ளைக்கு இன்னா வேல? கண்ணால பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன்” என்று வந்திருந்தார். உண்மையான கூண்டில் வெளியாரை ஏற்ற விதி இடம் தராது. ஆகவே, இந்தக் கருவி.

மாட்டினார்கள்.

“இன்னாடி இது, மொகத்துல கல்லக் கட்டினா மாதிரி கீது! எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. இதுலயா நீ வேல செய்யப் போற? வா, ஊட்டுக்குப் போலாம்.”

“கொஞ்ச நேரம் பாத்தா பழகிடும்மா” என்றார் இம்தியாஸ்.

“கிறுகிறுன்னு வருது நைனா. நீ வேணா பழகிக்கோ!”

கூடம் சிரித்தது. ரேவதி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடன் வந்திருந்த கன்னியம்மாளின் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாரும் நல்லா கீதுன்னு சொல்றாங்க. உனக்கு மட்டும் இன்னாக்கா?”

“எல்லாரும் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடுமாடா?”

இம்தியாஸ் சட்டென்று தம்பியின் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க மாட்டிப் பாத்தப்போ கிரேன்ல எத்தன கொக்கி தெரிஞ்சுது?”

“ரெண்டுதான்...” அவர் தலையைச் சொறிந்தார். “கிரேன்னா ரெண்டு இருக்கும்போலன்னு நெனச்சிக்கினேன்.”

இரு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை அன்றுதான் அறிந்தேன். நாம் செய்வது என்ன? நம் கண்ணுக்குப் பொருந்திய இடைவெளியில் இன்னொருவரை நிறுத்திவைத்து, “தெரிகிறதா?” என்று கேட்கிறோம். அவரும் மரியாதைக்குத் “தெரிகிறது” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ரேவதி அம்மாவின் பின்னால் போய் நின்றாள். “பட்டை உன் கொண்டை மேல குந்திக்கினு கீதும்மா. அதான் முன்னாடி சரியுது.” பட்டையைத் தளர்த்தி, கொண்டைக்குக் கீழே பிடரியில் இறக்கி, மெல்ல இறுக்கினாள். மூக்கில் அழுத்திய பாரம் நெற்றிக்கு ஏறியது. இம்தியாஸ் அந்த அம்மையாரின் விரலை, திரைகளின் இடைவெளியை மாற்றும் பக்கவாட்டுக் குமிழில் வைத்தார்.

“நீங்களே திருப்புங்கம்மா. ரெண்டு கொக்கியும் ஒண்ணா சேர்ற எடத்துல நிறுத்துங்க.”

குமிழ் சுழன்றது. சற்றுத் திரும்பி வந்தது. நின்றது.

“ஒண்ணாயிடுச்சு...”

அதன்பின் கூரையின் உத்தரங்களை அண்ணாந்து பார்த்தார். இடப்புறம், வலப்புறம். பிறகு, மிக மெதுவாகக் கீழே. ஒரு கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றியது. அவர் காண்பதை நாங்கள் மேசைத் திரையில் கண்டுகொண்டிருந்தோம்: கொக்கியில் ஊசலாடும் இரும்புப் பாளம், அதன் நிழலுக்குள் அசட்டையாக நடந்து வரும், மஞ்சள் தொப்பி அணிந்த ஒருவன்.

“ஏய், தலைக்கு மேல கீதுடா! நவுரு நைனா, நவுரு!”

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ரேவதி அம்மாவின் கையைப் பற்றி கருவியோடு இணைந்த எச்சரிக்கை மணியின் பொத்தானில் வைத்து அழுத்தினாள். மணி அலறியது. தொப்பிக்காரன் அண்ணாந்து பார்த்தான், விலகி ஓடினான்.

கன்னியம்மாள் ஹெட்செட்டைக் கழற்றினார்.

“அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆவலையே?”

“அது நெச ஆளு இல்லம்மா. படம்” என்றார் இம்தியாஸ்.

“இருக்கட்டும். நவுந்துட்டான் இல்ல?”

பிறகு மகளைப் பார்த்தார். “நீ உழுந்துடுவியோன்னுதான் இத்தினி நாளா பயந்துக்கினு இருந்தேன். இப்போ கீழ நடக்கறவன நெனச்சாதான் பயமா கீது. தூங்கி வழியாம பாத்து வேல செய். நாளைக்கே போய்ச் சேர்ந்துடு.”

மாலை, மின்சார ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து ஊர் திரும்பினேன். கவரைப்பேட்டை அருகே ஒருவர் செல்போனில் பேசியவாறே தண்டவாளத்தைக் கடந்தார்.

என் கை மணியைத் தேடியது!